இன்னும் வேகல

வேகலன்னா வேகல, அதுக்கு மேல நான் என்ன சொல்றது, கறி வேகுற டிரம்முக்குள்ள தலைய விட்டுக் காட்டவா முடியும். மூணு தடவை வந்துட்டான் அரவிந்தன். வர்றான், மூடியத் தூக்கிப் பாக்குறான், "வாசனை ஆளைத் தூக்குதுடா ஜெகா"ங்கிறான், போறான். மூடியத் தூக்கினா உள்ள இருக்கிற சூடெல்லாம் போயிரும்னு பத்து வருசமா கரடியாக் கத்துறேன், என் மச்சினன் மண்டையில ஏறல. ஏறாததும் இன்னிக்கு நல்லதுதான், தூக்கட்டும், இன்னும் நாலு தடவை தூக்கட்டும். நாலரைக்குக் கரி மூட்டினேன், இப்ப மணி அஞ்சே முக்கால், வழக்கமா இந்நேரத்துக்கு முதல் ஈடு இறக்கி எல்லாரும் வாயைத் தொடைச்சுக்கிட்டு ரெண்டாவதுக்கு நிப்பாங்க. இன்னிக்கு இறக்க மாட்டேன். டிரம்முக்கு அடியில ரெண்டு காத்து ஓட்டை இருக்கு, தகரத்தை இழுத்தா திறக்கும், தள்ளினா மூடும், ரெண்டையும் முக்காவாசி மூடி வச்சிருக்கேன். உள்ள கரி சாகவும் இல்ல பொழைக்கவும் இல்ல. மேல காப்பிக் கட்டையை வேற பச்சையாப் போட்டு விட்டுருக்கேன், புகை மட்டும் குபுகுபுன்னு வருது, பாக்கிறவங்களுக்கு என்னமோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கு. நாலு கிலோ சாப்ஸ், இருபத்துநாலு லெக் பீஸ், பப்பாளிக்காய் அரைச்சு ஊற வச்சது, நியாயமா நாப்பது நிமிசத்துல வெந்துரும். வேகக் கூடாது. வெந்தா தட்டு எடுத்து வைப்பாங்க, தட்டு வச்சா சாப்பிடுவாங்க, சாப்பிடும்போது மாமா தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிப்பாரு. இந்த மலைக்கு வேன்ல வரும்போதே சொல்லிட்டான் அரவிந்தன், வத்தலகுண்டு தாண்டினதும், டீக்கடையில, "டேய், அப்பா இன்னிக்குச் சாயங்காலம் பேசிடுவார், நீ ஒண்ணும் சொல்ல வேணாம், தலைய மட்டும் ஆட்டு"ன்னு. காலேஜ்ல எனக்குப் பக்கத்து பெஞ்சு, அப்புறம் மச்சினன், எல்லாத்துக்கும் எனக்குப் பதிலா அவனே தலைய ஆட்டிப் பழகினவன். நான் என்ன சொன்னேன்? "டீ ஆறுது, குடி"ன்னு சொன்னேன். வாய் இருக்கு பாருங்க எனக்கு, தங்கத்துல செஞ்சு வைக்கணும்.

என் பொண்டாட்டி ஹேமா போய் ஒண்ணரை வருசம் ஆச்சு. பொண்டாட்டி செத்தா அவ தங்கச்சியைக் கட்டிக்கிறது எங்க பக்கத்துல புதுசா என்ன, கொழுந்தியா இருக்கையில வெளியில எதுக்குப் பொண்ணு பாக்கணும், புள்ளைக்குச் சித்திதானே அடுத்த அம்மா, இது ஊர்ல எல்லாருக்கும் மனப்பாடம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. அதான் வயித்தெரிச்சல். ஒருத்தராவது கெட்டவங்களா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிரலாம், மாமா எனக்கு மில்லுல நைட் ஷிப்டு வந்தா திண்டுக்கல்ல இருந்து வேடசந்தூருக்குத் தூக்குவாளியில சாப்பாடு கொண்டாந்து குடுக்கிற மனுசன், அத்தை என் பனியனைக்கூடத் துவைச்சுப் போடுறாங்க. நாலு வயசு மிதுனா அவங்க வீட்டுலதான் வளர்றா, அவங்க பக்கத்துலதான் தூங்குறா, நான் தினமும் ஏழு மணிக்குப் போய் அவ முகத்தைப் பாத்துட்டு எட்டரைக்குத் திரும்புற விருந்தாளி. வேணாம்னு சொன்னா என்ன ஆகும்னு யாரும் சொல்லல, சொல்லாமலே எனக்குத் தெரியும். ஹேமா தங்கச்சி சாருவுக்கு வேற இடம் பாப்பாங்க, எனக்கு ஒருநாள் காப்பி குடுப்பாங்க, அடுத்த வாரம் தண்ணி குடுப்பாங்க, அப்புறம் "புள்ள தூங்கிருச்சுங்க மாப்ளே, நாளைக்கு வாங்களேன்". கண்ணு எரியுது. சனியன் புடிச்ச பச்சைக் கட்டை. தோள்பட்டையில கண்ணைத் தேய்ச்சேன், தேய்ச்சிருக்கக் கூடாது, அந்தா ஓடி வர்றாங்க அத்தை, முந்தானையைக் கையில புடிச்சுக்கிட்டு, "அழாதீங்க மாப்ளே, அவ இருந்தா இந்நேரம் தட்டோட பக்கத்துல நிப்பான்னுதானே நெனைச்சீங்க"ங்கிறாங்க. "புகை அத்தை." "தெரியும் மாப்ளே, தெரியும், புகைதான்." சொல்லிட்டு அவங்க அழுதாங்க. பொண்டாட்டி செத்தவனுக்குக் கண்ணுல தூசி விழக்கூட உரிமை கிடையாது, எது விழுந்தாலும் அது அவதான். வெங்காயம் உரிச்சா ஹேமா, கொட்டாவி விட்டா ஹேமா. நல்ல மாப்பிள்ளை, தங்கமான மாப்பிள்ளை, பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்தபடியே தூங்கின மாப்பிள்ளை. அத்தை என் முதுகைத் தடவிட்டு, "எவ்வளவு நேரம் ஆகும்"னு கேட்டாங்க. இன்னும் அரை மணி நேரம்னேன். மனசுல அரை வருசம்னு வந்துச்சு.

இந்த டிரம் ஹேமா யோசனைதான். கல்யாணம் ஆன புதுசுல பழைய எண்ணெய் டிரம் ஒண்ணை வெல்டிங் கடையில நெடுக்கால ரெண்டாப் பிளந்து, கீலு வச்சு, காலு வச்சு, நானும் அவளும் கடை வாசல்லயே நின்னு பண்ணி வாங்கினோம். அதுல இருந்து குடும்பத்தோட எங்க போனாலும் வேன் மேல டிரம், டிரம்முக்குப் பின்னாடி நான். ஏற்காடு, வால்பாறை, மேகமலை, எல்லா ஊர்லயும் எனக்குத் தெரிஞ்சது ரெண்டடி அகல நெருப்பு மட்டும், மத்தவங்க அருவி பாத்தாங்க. எனக்கு அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. நெருப்புகிட்ட நிக்கிறவன்கிட்ட யாரும் பேச்சை எதிர்பாக்க மாட்டாங்க. ஹேமா எதிர்பாத்தா. அவ ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசுவா, நான் ம்-னு சொல்லுவேன். உள்ள எனக்கு ஓயாமப் பேச்சு ஓடும், இப்ப ஓடுதே இது மாதிரி, வெளியில வர்றப்ப ம் மட்டும்தான் வரும். அடிச்சதில்ல, குடிச்சதில்ல, வேற பொம்பளை இல்ல, எந்தக் கோர்ட்டுல போய் அவ என்னன்னு சொல்லுவா, என் புருசன் ம்-னு சொல்றாருன்னா? "உங்ககூடப் பேசுறதும் அந்தச் செவுத்துகிட்டப் பேசுறதும் ஒண்ணுதான், செவுரு பரவாயில்ல, சுண்ணாம்பாச்சும் உதிருது"ன்னு ஒருநாள் சொன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. இதெல்லாம் எதுக்கு இப்ப. சாப்ஸைத் திருப்பிப் போடணும். திருப்பிப் போட்டேன், அடிப்பக்கம் இப்பத்தான் நிறம் மாறுது, நல்லது. மூணாறு. மூணாறைப் பத்தி நெனைக்க வேணாம்னு ஒவ்வொரு தடவையும் கரி மூட்டும்போது முடிவு பண்றேன், கரி புடிக்கிறதுக்குள்ள மூணாறு வந்துருது. கடைசியா டிரம்மைக் கொண்டு போனது அங்கதான். நான் இந்தப் பக்கம், அவ டிரம்முக்கு அந்தப் பக்கம், கையில காலித் தட்டு. மெதுவாத்தான் சொன்னா, கோவமே இல்ல. "ஊருக்குப் போனதும் நான் மிதுவைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடறேங்க. திரும்பி வர்றதா இல்ல. இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க, எல்லாருக்கும் டூர் கெட்டுப் போயிரும்." அதுக்கு ஒரு மனுசன் என்ன சொல்லணும்? ஏன்டின்னு கேக்கலாம். போகாதேன்னு சொல்லலாம். தட்டைப் பிடுங்கி எறியலாம். நான் ஒரு துண்டைப் பிச்சு அவ தட்டுல வச்சு, "உப்பு சரியா இருக்கா பாரு"ன்னேன். அவ தின்னு பாத்தா. "இருக்கு"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. ஊருக்கு வந்து ஒன்பதாம் நாள், பெட்டியை இறக்கித் தூசி தட்டித் துணியெல்லாம் அடுக்கி வச்சிருந்தா, அன்னிக்குக் காய்ச்சல். டெங்கு. அந்தப் பதினோரு நாள் நான் பெஞ்சுல உக்காந்திருந்தது பாசமா, பயமா, இல்ல அவ பொழைச்சு எந்திரிச்சதும் பெட்டியோட கிளம்புறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிரணும்னு காத்துக்கிட்டிருந்தேனா, எனக்கே தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவ செத்ததும் அந்தப் பெட்டியை நானே திறந்து துணியை அலமாரியில திரும்ப அடுக்கினேன், யாரும் பாக்கறதுக்கு முன்னாடி. அன்னிக்கு அடுக்கினதுதான், இன்னிக்கு நான் இந்த வீட்டுக்குத் தங்கமான மாப்பிள்ளை.

சாரு வர்றா. எலுமிச்சம்பழம் அறுத்து ஒரு கிண்ணத்துல, வெங்காயம் ஒரு கிண்ணத்துல. எட்டு வயசுல என்னைப் பாத்தவ அவ, அரவிந்தனோட கூட்டாளியா வீட்டுக்குப் போனப்ப, அண்ணன் கூட்டாளி அண்ணன்தானே, அண்ணான்னு கூப்பிட்டா. அப்புறம் நான் ஹேமாவைக் கட்டினேன், அத்தான்னு கூப்புடுடின்னு எல்லாரும் சொல்லிப் பாத்தாங்க, வாயில வரலம்மான்னுட்டா. அக்கா புருசனை அண்ணான்னு கூப்பிடுற ஒரே ஆளு திண்டுக்கல்லயே இவதான்னு சொந்தக்காரங்க எல்லாரும் சிரிப்பாங்க, முறையைப் பாத்தா ஹேமா எனக்கு என்ன ஆவான்னு கணக்குப் போட்டு இன்னும் சிரிப்பாங்க. ரெண்டு மாசமா யாரும் சிரிக்கல. அத்தை அவளைத் தனியாக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்காங்க, அதுல இருந்து அண்ணாவும் இல்ல, அத்தானும் இல்ல, மொட்டையாப் பேசுறா. இந்தாங்க. வந்துட்டீங்களா. மிது தூங்கிட்டா. பேச்சுக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல, எனக்கு அது கேக்குறப்பெல்லாம் மாடிப்படியில ஒரு படி இல்லாத மாதிரி இருக்கும். கிண்ணத்தை வச்சா. குனிஞ்சு டிரம்முக்கு அடியில பாத்தா. "ஓட்டையை மூடி வச்சிருக்கீங்க." நான் ஒரு சாப்ஸைப் புரட்டினேன். "ஒரு மணி நேரமா அந்தக் காட்டேஜ் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எவ்வளவு நேரம் இப்படியே வச்சிருப்பீங்க? எல்லாருக்கும் பசி." "உனக்கு…" ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல வண்டி போகல. அவளே பேசினா, கீழ பாத்துக்கிட்டே, வெங்காயத்தைக் கையால கிளறிக்கிட்டே. "எனக்கு வேணாம். வேற யாரும் இல்ல, வேற காரணமும் இல்ல. மிதுன்னா எனக்கு உசுரு, ஆனா இது வேணாம். காரணமே இல்லாம வேணாம்னு சொல்ற வசதி எங்க வீட்டுல எனக்குக் கிடையாது. நான் சொன்னா திமிரும்பாங்க, அக்கா புள்ளைய வளக்கக் கசக்குதாடின்னு கேப்பாங்க. நீங்க சொன்னா துக்கம்னு விட்டுருவாங்க. நீங்க சொல்லுங்க." சொல்லிட்டுக் கால் கட்டைவிரலால ஒரு தகரத்தை இழுத்து விட்டா, அப்புறம் இன்னொண்ணை. சூடா இருந்திருக்கும், ஸ்ஸ்னு ஒரு சத்தம் வந்துச்சு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

காத்து கிடைச்சதும் கரிக்கு வெறி புடிச்சிருச்சு. கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு எந்திரிக்குது, மூடியைத் திறந்து வச்சு, இடுக்கியால அதை இங்க இதை அங்கன்னு தள்ளி, ஒரு பக்கம் கருகாமப் பாத்துக்கிட்டு, மனசுல ஒத்திகை. மாமா, எனக்குக் கொஞ்சம் டைம் வேணும். இல்ல, டைம் கேட்டா குடுத்துருவாங்க. மாமா, சாரு எனக்குத் தங்கச்சி மாதிரி. அய்யய்ய, சினிமா. மாமா, நான் ஹேமாவை இன்னும். இன்னும் என்ன, சொல்லு பாப்போம், நாக்கு அழுகிரும். வேணாம்னு மட்டும் சொல்லிருவோம், ஒரே வார்த்தை, மூணே எழுத்து, ம்-ஐ விட ரெண்டு எழுத்துதான் கூட. சாருவே சொன்னாளே, துக்கம்னு விட்டுருவாங்கன்னு. துக்கத்துல மறுத்தவன்கிட்ட இருந்து புள்ளையைப் பறிக்க மாட்டாங்க. பாவம்னு இன்னும் ஒரு கரண்டி கூடப் போடுவாங்க. அப்படிப் பாத்தா எல்லாருக்கும் நல்லது, சாரு தப்பிச்சா, மிது எனக்கு, செத்தவளுக்கும் மரியாதை. பொய்யில எவ்வளவு வசதி இருக்கு பாருங்க. பயம் போகல. ஏன் போகலன்னுதான் தெரியல, இடுக்கி வழுக்கி லெக் பீஸ் ரெண்டு புல்லுல விழுந்துருச்சு, யாரும் பாக்கல, ஊதி எடுத்து ஓரமா வச்சேன், என் தட்டுக்கு. எல்லாம் வெந்துருச்சு. அமுக்கிப் பாத்தேன், எலும்புல இருந்து கழண்டு வருது.

காட்டேஜ் வராந்தாவுல ஜமக்காளம் விரிச்சு எல்லாரும் வட்டமா உக்காந்தாங்க. மாமா ஒரு சாப்ஸைக் கடிச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டாரு. "இத்தனை வருசத்துல இப்படி வந்ததே இல்ல மாப்ளே, என்ன பண்ணீங்க?" சும்மா நேரம் கடத்தினேன் மாமான்னு சொல்ல முடியுமா, சிரிச்சேன். மிது என் மடியில உக்காந்து ஒரு லெக் பீஸை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கன்னமெல்லாம் மசாலா, "அப்பா, இது என்து, உங்களுக்குத் தர மாட்டேன்"ங்கிறா. எதிர்ல சாரு, தட்டுல வச்சது வச்சபடி. மாமா கனைச்சாரு. சாப்பிட்டு முடிக்கட்டும்னுகூட அவருக்குப் பொறுக்கல, சந்தோசம், பாவம் மனுசனுக்கு. "எல்லாரும் ஒண்ணா இருக்கோம், நல்ல நேரம், சொல்லிடுறேன். வர்ற ஐப்பசியில ரெண்டு பேருக்கும் கோயில்ல வச்சுச் சுருக்கமா முடிச்சுரலாம்னு இருக்கோம். மாப்ளே, நீங்க என்ன சொல்றீங்க?" அரவிந்தன் எனக்கு முன்னாடியே தலையை ஆட்டினான். நான், "வேணாம் மாமா"ன்னேன். வந்துருச்சு. வெளியில வந்துருச்சு. அப்புறம் மாமா எச்சில் கையை விட்டுட்டு மத்தக் கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாரு. கண்ணெல்லாம் தண்ணி. "தெரியும் மாப்ளே. எம்பொண்ணை நீங்க மறக்கலைன்னு எனக்குத் தெரியும். இப்பேர்ப்பட்ட மனுசனுக்குத்தான் என் இன்னொரு பொண்ணையும் குடுக்கணும். அவசரம் இல்ல. ஆறு மாசம் போகட்டும், ஒரு வருசம் போகட்டும். சாருவுக்கு நாங்க வேற இடமே பாக்கப் போறதில்ல. உங்க மனசு ஆறுற வரைக்கும் அவ இருப்பா." அத்தை மூக்கை உறிஞ்சுக்கிட்டே, "இருப்பா, எங்க போயிரப் போறா"ன்னாங்க. நான் சாருவைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல, தட்டைப் பாத்தா, வெங்காயத் துண்டை ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கினா. அட கிறுக்குப் பயலே, என்ன காரியம் பண்ணிட்டேன். என் துக்கத்துக்குள்ள அவளை வச்சுப் பூட்டிட்டாங்க, இல்லாத துக்கம், அது ஆறுறது எப்ப, இவ வெளிய வர்றது எப்ப. ஒரு வருசம் கழிச்சு இன்னொரு மலை, இன்னொரு ஜமக்காளம், இவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு, முப்பது. இந்த இடத்துல நான் ம்-னு ஒண்ணு சொன்னாப் போதும், எல்லாம் நல்லபடியா அடங்கிரும், எனக்கு நல்ல பேரு, மடியில புள்ளை. மிதுவோட தலைமுடி என் தாடையில உரசுது, புகை வாசம் அடிக்குது அதுல. "துக்கம் இல்ல மாமா"ன்னேன். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. "ஹேமா மூணாறுலயே எங்கிட்டச் சொல்லிட்டா. என்கூட வாழ முடியல, உங்க வீட்டுக்கே வந்துடறேன்னா. துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தா. காய்ச்சல் வராம இருந்திருந்தா அவ இப்ப உங்க வீட்டுலதான் இருந்திருப்பா. தப்பு என் மேலதான். அவ எவ்வளவோ பேசிப் பாத்தா, நான்தான் பேசவே இல்ல." மாமாவோட கை என் முழங்கால்ல அப்படியே இருந்துச்சு, எடுக்கவும் இல்ல, அமுக்கவும் இல்ல. அரவிந்தன், "டேய்"னான். அத்தை எந்திரிச்சாங்க. ஜமக்காளத்துல தட்டுகளுக்கு நடுவுல நடந்து வந்து, குனிஞ்சு, என் மடியில இருந்து மிதுவைத் தூக்கிக்கிட்டு காட்டேஜுக்குள்ள நடந்தாங்க. புள்ளை எங்கயோ ஊருக்குப் போறோம்னு நெனைச்சிருக்கும் போல, பாட்டி தோளுக்கு மேல திரும்பி, கையில இருந்த எலும்பை ஆட்டி ஆட்டி எனக்கு டாட்டா காட்டுச்சு.